ஓடைத்துண்டின் மூலைக்கு மூலை

1

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நெதர்லாந்து முழுக்கச் சந்தையாகிவிடும். அரசருக்குப் பிறந்தநாள். அன்றைக்குப் பிள்ளைகள் தெருவில் போர்வையை விரித்து, வீட்டில் வேண்டாததை எல்லாம் பரப்பி வைத்து விற்கலாம். பல் போன பொம்மை, ஒற்றைக் காலுறை, பாதி தீர்ந்த வண்ணப் பென்சில், எதுவானாலும் சரி. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் இங்கே வந்த பிறகு இது மூன்றாவது தடவை. முதல் வருஷம் ஜன்னலில் இருந்து பார்த்தேன். இரண்டாவது வருஷம் இறங்கி நடந்தேன். இந்த வருஷம் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கினேன்.

இந்த நாட்டில் மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது கட்டாயம். செங்கல் மாதிரி கனமாக இருக்கும். சமன்பாட்டைக் கொடுத்தால் கலர் திரையில் கோடு வரைந்து காட்டும். பரீட்சை முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விற்ற பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கலாம். நான் என் டச்சு மொழியில் மரியாதையாக, "இது வேலை செய்கிறதாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். இங்கே 'நீங்கள்' என்பதைத் தாத்தாக்களுக்கும் நீதிபதிகளுக்கும்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எதிரே நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் வாக்கியத்தின் வாலில் ஒரு 'ங்க' ஒட்டிவிடுவோம். மூன்று வருஷம் ஆகியும் அந்த வால் டச்சிலும் ஆடுகிறது.

"உள்ளே பாம்பு விளையாட்டு இருக்கு. உங்க மரியாதைக்காக அழிக்காமல் தர்றேன்" என்றாள்.

அந்தப் பாம்பு விளையாட்டுதான் என்னைக் கெடுத்தது. யாரோ ஒருத்தர் எழுதி இதற்குள் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் நானும் எழுதலாம்.

2

என் அன்றாடத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்தது. வேலை தேட ஒரு வருஷம் தருகிற அனுமதி அட்டை இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் ஒரு சின்னக் கம்பெனியில் சென்சார் பெட்டிகளைச் சோதிக்கிற தற்காலிக வேலை. காலையில் சைக்கிள், மத்தியானம் ரொட்டி, சாயங்காலம் விண்ணப்பம். நகராட்சிப் பதிவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. கடைசியில் அப்பா பெயரை எழுதினேன். அதிலிருந்து ஆஸ்பத்திரியில், வங்கியில், நூலகத்தில் எல்லா இடத்திலும் என்னை "மிஸ் ஏழுமலை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "அங்க என்னிய எதுக்குக் கூப்புடுறானுங்க, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றார்.

அந்த அப்பாவுக்கு நைனார்பாளையம் பக்கத்தில் நிலம். மரவள்ளியும் மக்காச்சோளமும் மாறி மாறிப் போடுவார். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை விலகிப்போன பிள்ளை நான்தான். அப்பா பேசும்போது 'மேக்கால வரப்பு' என்றால் எந்த வரப்பு என்று இப்போதெல்லாம் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

கால்குலேட்டருக்குப் புரோகிராம் எழுதுவது சுலபம் என்று இணையத்தில் எல்லாரும் சொன்னார்கள். நாம் எழுதுவது ஓரளவுக்கு மனுஷர் வாசிக்கிற பாஷை. கால்குலேட்டருக்குள் இருக்கிற சிப்புக்கு அது புரியாது. லேப்டாப்பில் வைத்து அதற்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். அந்த மாற்றும் வேலைதான் கம்பைல். மாற்றி வருகிற சின்னக் கோப்பை ஒயர் போட்டு உள்ளே தள்ளினால் ஓடும். அவ்வளவுதானே?

எனக்கு அந்த அவ்வளவுக்கே இரண்டு நாள் ஆயிற்று. என் லேப்டாப்பில் எல்லா ஃபோல்டர்களுக்கும் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். இதற்கு வைத்த பெயர் 'எழுதிப் பாக்கறது'. கம்பைல் கொடுத்தால், அப்படி ஓர் இடமே இல்லை என்று அடம் பிடித்தது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. அதற்கு நம் எழுத்தும் ஆகாது, பெயருக்கு நடுவில் இடைவெளியும் ஆகாது என்பது ஒரு சனிக்கிழமை முழுக்கப் போன பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் ஒரு பெயர் வைத்ததும் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, ஒரு கிலோபைட்டுக்குள் அடங்குகிற கோப்பு ஒன்று வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன்.

அது வெறும் காலி புரோகிராம். அடுத்தது, அதை வைத்து என்ன செய்வது? எல்லாரும் முதல் புரோகிராமில் உலகத்துக்கு வணக்கம் சொல்வார்கள். எனக்கும் உலகத்துக்கும் அப்படி ஒன்றும் பெரிய பழக்கம் இல்லை. அப்போதுதான் நாலு நாளாகப் போனில் பார்க்காமல் கிடந்த அப்பாவின் படம் ஞாபகம் வந்தது.

3

அந்தப் படம் ஒரு நோட்டுத்தாள். தாத்தா போனதில் இருந்து அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரிக்கப்படாமல் கிடந்த நிலத்தின் அளவு.

அதை இழுத்துக்கொண்டே போனதில் ஒரு வருஷமாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ஒரே டீக்கடையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, பேசாமல் இருந்தார்கள். சித்தப்பா என்னிடமும் பேசவில்லை. நான் போன் பண்ணினால் எடுத்து, எடுத்த கையோடு சித்தியிடம் கொடுத்துவிடுவார். கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படியே முடித்துக்கொள்ளலாம் என்று அப்பாதான் இறங்கி வந்தார். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எது தன் பங்காக மிஞ்சும் என்று தெரியாது. அதனால் இரண்டையும் சமமாகப் பிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. யார் யோசித்ததோ தெரியாது, அழகான ஏற்பாடு.

அப்பா இரண்டாகப் பிரித்தார். ஒன்று ரோட்டுத்துண்டு, கிட்டத்தட்டச் சதுரம். இன்னொன்று ஓடைத்துண்டு. வெள்ளிமலைப் பக்கம் மழை பெய்தால் மறுநாள் தண்ணீர் வருகிற ஓடை அதன் ஓரத்தில் சாய்வாகப் போகிறது. அதனால் நிலமும் அதே சாய்வில் கோணிக்கொண்டு நிற்கும். ஊரில் நிலம் அளக்கிறவர் வந்து டேப் பிடித்து இரண்டும் தொண்ணூற்று ஆறரை சென்ட்டுக்கு ஒரு நூல் கம்மி என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா ஓடைத்துண்டை எடுத்துக்கொண்டார். அங்கே மண் கறுப்பு. அம்மாவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். ரோட்டோரம் வீடு கட்ட வேண்டும் என்று அம்மா தியாகதுருகத்தில் இருந்து வாழ வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வருகிற திங்கட்கிழமை பத்திரம். "பாப்பா, பெருக்கல் சரியா இருக்குதான்னு ஒரு வாட்டி பாத்துடு" என்று அப்பா அந்தத் தாளை அனுப்பியிருந்தார்.

ரோட்டுத்துண்டு: எதிரெதிர்ப் பக்கங்கள் 210 அடி, 206 அடி, மற்ற இரண்டும் 200, 204. ஓடைத்துண்டு: 260, 240; 166, 170. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற கணக்குதான். எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கு, அடுத்த ஜோடியையும் பாதியாக்கு, இரண்டையும் பெருக்கு. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது.

என் முதல் புரோகிராமுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வெறும் பெருக்கலுக்குப் புரோகிராம் எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். நாலு பக்க நிலத்தை மூலைக்கு மூலை கோடு போட்டு இரண்டு முக்கோணமாக்கி, மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தைப் போடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அந்த மூலைக்கு மூலை அளவு வேண்டும். தாளில் அது இல்லை.

காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே பத்தரை.

"அப்பா, நாலு பக்கம் மட்டும் அளந்திருக்கீங்க. மூலைக்கு மூலை எவ்ளோ?"

"அது எதுக்குடி? கொல்லி நெலத்துல யாரு மூலைக்கு மூலை அளந்தா?"

"ஒரு புரோகிராம் எழுதறேன்பா. அதுக்கு."

"அதுக்காக நான் உழவு ஓட்டுன மண்ணுல, இந்த வெயில்ல, மூலைக்கு மூலை நடக்கணுமா?"

"ஆமாம்பா."

"உங்கம்மாவ டேப்பு புடிக்கச் சொல்றேன். என்னிய மட்டும் இன்னாத்துக்குத் திட்டணும், நம்ம ரெண்டு பேரையும் திட்டட்டும்."

மறுநாள் இரண்டு எண் வந்தது. ரோட்டுத்துண்டு 290. ஓடைத்துண்டு 350. கூடவே அம்மாவின் குரல் பதிவு: "உங்கப்பனுக்குத்தான் வேல இல்ல, உனக்குமாடி இல்ல? கொதிக்கிற மண்ணுல கால் பொரிஞ்சிப் போச்சு."

4

எண்களைத் திரையில் கேட்டு வாங்குகிற மாதிரி எழுத எனக்கு அப்போது தெரியாது. அதனால் புரோகிராமுக்குள்ளேயே நேராக எழுதிவிட்டேன். முப்பது வரிகூட இல்லை. கம்பைல் பண்ணினேன். ஒரு இடத்தில் அரைப்புள்ளி இல்லை என்றது, போட்டேன். இன்னொரு இடத்தில் அடைப்புக்குறி மூடவில்லை என்றது, மூடினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒயரைச் செருகி அனுப்பினேன். பாம்பு விளையாட்டுக்குக் கீழே என் புரோகிராம் வரிசையில் வந்து நின்றது. அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன்.

ரோட்டுத்துண்டு பத்து சென்ட். ஓடைத்துண்டுக்கு விடையே வரவில்லை.

அவசரக்காரி, உடனே அப்பாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் அம்மா ஓடி வந்துவிட்டாள்.

"கேட்டியாடி? ரோட்டுத்துண்டு பத்து சென்ட்டாம். ஓடைத்துண்டு பூமிக்குள்ள போய்க்கினு இருக்குதாம். இதுக்குத்தான் உன்ன வெயில்ல நடக்க வச்சா உம் பொண்ணு."

ரோஷம் வந்துவிட்டது. நடுவில் வருகிற எண்ணை எல்லாம் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஓடைத்துண்டின் முதல் முக்கோணத்தில், வர்க்கமூலம் எடுப்பதற்கு முன்னால் நிற்க வேண்டிய எண் நாற்பத்தோரு கோடியைத் தாண்டுகிறது. திரையில் நின்றதோ கழித்தல் குறியோடு நாலு லட்சத்துச் சொச்சம். இந்தக் கால்குலேட்டரில் ஒரு முழு எண்ணை வைக்கிற இடம் சின்னது. எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வரைக்கும்தான் பிடிக்கும். அதற்கு மேல் போனால், பழைய மொபெட்டில் கிலோமீட்டர் காட்டுகிற சக்கரம் ஒன்பதுகள் முடிந்து சைபருக்குத் திரும்புகிற மாதிரி, சுற்றிக்கொண்டு கீழே இருந்து வரும். நிலம் சரி, சூத்திரமும் சரி. நான்தான் அதைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறேன்.

முழு எண் என்று எழுதிய இடத்தை எல்லாம் தசம எண் என்று மாற்றி, திரும்பக் கம்பைல் பண்ணி அனுப்பினேன்.

ரோட்டுத்துண்டு 96.4. அளக்கிறவர் சொன்ன அதே கணக்கு. நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். அடுத்த வரி வந்தது.

ஓடைத்துண்டு 89.0.

திரும்ப உட்கார்ந்தேன்.

5

முதலில் புரோகிராம் தப்பு என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று, நாலு, ஐந்து என்று எல்லாருக்கும் தெரிந்த முக்கோணத்தைக் கொடுத்தேன். ஆறு என்று சரியாகச் சொன்னது. ஒரு சதுரத்தைக் கொடுத்தேன், சரி. காகிதத்தில் நிலத்தைச் சின்னதாக வரைந்து கட்டம் எண்ணினேன். எண்பத்தொன்பதுக்குப் பக்கத்திலேயே வந்தது. பக்கங்களைப் பாதியாக்கிப் பெருக்குகிற கணக்கு, நாலு மூலையும் நேராக இருக்கிற நிலத்துக்குத்தான் பொருந்தும். ரோட்டுத்துண்டுக்குப் பொருந்தியது. சாய்ந்து கிடக்கிற ஓடைத்துண்டுக்கு இல்லாத நிலத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டது. ஏழரை சென்ட் கம்மி. அந்த ஓடை பக்கத்தில் எத்தனை வீட்டு நிலம் இப்படிச் சாய்ந்து கிடக்கிறதோ, அத்தனையையும் இப்படித்தான் அளந்திருப்பார்கள்.

அன்று வியாழக்கிழமை. பத்திரம் திங்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. வேலையில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டே என்னென்னவோ நியாயம் யோசித்தேன். சித்தப்பா தானாகத்தானே எடுத்துக்கொண்டார். மண் கறுப்பு என்று பார்த்துத்தானே எடுத்தார். அப்பா தெரிந்தா செய்தார்? சொன்னால் சித்தப்பா என்ன நினைப்பார்? ஒரு வருஷம் பேசாமல் இருந்து, இப்போதுதான் டீக்கடையில் ஒரே பெஞ்சுக்கு வந்திருக்கிறார்கள். 'எம் பங்கு கம்மின்னு தெரிஞ்சிக்கினேதான் அளந்தான்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதை யார் திருப்பி எடுப்பது? என்றைக்காவது அரசாங்க சர்வேயர் வந்து அளந்தால் அப்போது தெரியட்டும். வராமலே போனால் தெரியாமலே போகட்டும்.

இத்தனை தூரத்தில் இருப்பதில் இது ஒரு வசதி. எதையும் சொல்லாமல் இருந்துவிடலாம். முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் பிரித்தது அப்பா. சமமாகப் பிரித்தேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் அப்பா. அவர் வார்த்தை பொய் என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரியும், அவருக்கே தெரியாது. அந்த நிலையில் தினமும் போனில் அவர் கேட்கிற 'சோறு தின்னியா'வுக்குப் பதில் சொல்ல என்னால் முடியும் என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் சொன்னேன். அம்மா குறுக்கே விழுந்தாள்.

"அன்னிக்கிப் பத்து சென்ட்டுன்ன. இன்னிக்கி எம்பத்தொம்பதுன்ற. நாளைக்கி இன்னா சொல்லுவ?"

"அது என் தப்பும்மா. சரி பண்ணிட்டேன்."

"நீ சரி பண்ணது போதும். அவரே பாத்து எடுத்துக்கினாரு, யாரு கையப் புடிச்சித் திணிச்சாங்க? கம்முனு இருடி. ரோட்டோரமா ஒரு வூடு வேணும்னு நான் எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கேன்!"

நான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்பா, கேக்குதா?"

"கேக்குது. நாலு பக்கமும் அதே அடிதான? அப்புறம் எப்படி எடம் கம்மியாவும்?"

நான் கோணம், சாய்வு என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. போனைக் கட் பண்ணாமல் வைத்துவிட்டு எங்கேயோ போகிற சத்தம். நாடாக் கட்டில் ஒன்று கிறீச் கிறீச் என்றது. பின்கட்டில் கிடக்கிற, மூட்டுவிட்டுப் போன கட்டில் அது. அம்மா, "அத எதுக்குய்யா ஒடைக்கிற?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்தார்.

"ஒரு பக்கமா சாச்சிப் பாத்தேன். சட்டம் நாலும் அதே நீட்டம்தான். நடுவுல எடம் சுருங்கிக்கினே போவுது."

"ஆமாம்பா."

"இத்தினி வருசமா இத நான் பாக்கல பாரேன்" என்றார். அப்புறம், "உன் மெஷினு தப்பு இல்லியே?" என்றார். முதல் தடவை சிரித்த மாதிரி கேலியாக இல்லை.

"இல்லப்பா. நாலு விதமா பாத்துட்டேன்."

"சரி, வையி."

6

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதி கோபத்திலும் பாதி மூச்சிரைக்கவும் சொன்னாள்.

காலையிலேயே அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போய், உட்காரக்கூட இல்லாமல் வாசலில் நின்று, "தம்பி, நான் பிரிச்சது தப்பாப் போச்சுடா. உன் துண்டு ஏழர சென்ட்டு கம்மி" என்று சொல்லியிருக்கிறார். நான் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தபடி, ரோட்டுத்துண்டில் ஓடைத்துண்டை ஒட்டின பக்கமாக எட்டடி அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கொடுத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடும். அதையும் சொல்லியிருக்கிறார்.

அப்பா கையில் கொண்டுபோயிருந்த அளவுத் தாளைச் சித்தப்பா வாங்கிப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்:

"இது உனக்கு எப்ப தெரியும்ணா?"

"நேத்து."

"யாரு சொன்னா?"

"பாப்பா. அங்க இருந்து கணக்கு போட்டு அனுப்பிச்சா."

"அவ சொல்லலன்னா?"

"எனக்கும் தெரிஞ்சிருக்காது."

சித்தப்பா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். "எட்டடி பட்டைய வாங்கி நான் இன்னாண்ணா பண்றது, கோவணமா கட்டிக்கறதா? ரெண்டும் சமம்னு நீ சொன்ன. அத நம்பிக்கினுதான் மண்ணப் பாத்து எடுத்தேன். இப்ப ரெண்டு துண்டோட அளவும் மாறிப்போச்சு. புதுசா பிரிச்சா புதுசாத்தான் எடுக்கணும். வழக்கம் அதான?"

அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வழக்கம் அதுதான்.

இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய், எட்டடி தள்ளிக் கல் நட்டிருக்கிறார்கள். அப்பா, "பிரிச்சாச்சி, எடுடா" என்றார். சித்தப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கோண நெலம் வேணாம்ணா" என்று ரோட்டுப் பக்கமாகக் கை காட்டினார்.

"உங்கப்பன் ஒரு வார்த்த பேசலடி. சரின்னு தலைய ஆட்டிக்கினு வராரு. எம் மனையப் பூரா அள்ளிக் குடுத்துட்டு வராரு" என்றாள் அம்மா. "உன்ன யாருடி அளக்கச் சொன்னா?"

நான் எழுதிய முதல் புரோகிராம், முப்பது வரி, அம்மாவின் வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சரியானதைச் செய்தால் நெஞ்சு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அன்றைக்கு ரொட்டிகூட இறங்கவில்லை. சித்தப்பா மேல் அப்படி ஒரு கோபம். அப்பா வாசலில் போய் நின்றதற்கு இதுதானா மரியாதை? பட்டையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் செய்ததில் எந்த இடத்தில் தப்பு என்று விரல் வைக்கவும் முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

7

திங்கட்கிழமை பத்திரம் முடிந்தது. அப்பா இரண்டே வரி அனுப்பினார்: "பதிஞ்சாச்சி. உங்கம்மா சாப்புடல, நீ பேசு." பேசினேன். ஓடைத்துண்டில் மேட்டுப் பக்கமாக ஒரு வீட்டுக்கு இடம் இருக்கிறது, ரோட்டுக்கு வழி மட்டும் கேட்டு வாங்கினால் போதும் என்று கட்டம் போட்டு வரைந்து அனுப்பினேன். அம்மா அதைத் திறந்து பார்த்தாள். பதில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை செய்கிற இடத்தின் சாப்பாட்டு அறையில் இருந்தேன். சித்தப்பா எண்ணில் இருந்து போன் வந்தது. சித்தியாக இருக்கும் என்று எடுத்தேன்.

"இன்னா பாப்பா, சாப்ட்டியா?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது இந்தக் குரலைக் கேட்டு. மேசையில் எனக்கு எதிரே நாலு டச்சுக்காரர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"சாப்ட்டேன் சித்தப்பா."

"இன்னா சாப்ட்ட?"

"ரொட்டி."

"அத தின்னுட்டுத்தான் இத்தினி கணக்கு போடறியா?" என்றார். பின்னால் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம். "ரோட்டுத்துண்ட நான் எடுத்துக்கினேன்னு உங்கம்மா எம்மேல கோவமா கீறாங்க."

"தெரியும்."

"உனக்கு?"

இல்லை சித்தப்பா, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாக ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் சொல்கிற பதில் அதுதான். வேலை எப்படி, குளிர் எப்படி, தனியாக இருக்கிறாயே கஷ்டமாக இல்லையா, எல்லாவற்றுக்கும் அதே பதில்.

"கோவமாத்தான் இருக்கு சித்தப்பா" என்றேன். "ரொம்பக் கோவமா இருக்கு."

அவர் மாட்டுச் சத்தத்தை விட்டுத் தள்ளி நடந்து போவது கேட்டது.

"இருக்கட்டும்" என்றார். "வந்து நேர்ல திட்டு. எப்ப வர?"